குளத்தில் ஒன்று, பூவரசில் ஒன்று: இரண்டு நாவாய்ப்பூச்சிகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

மூட்டைப்பூச்சியை அறியாதவர் நம்மில் இல்லை. பழைய கொட்டகை நாற்காலியிலோ பாசஞ்சர் ரயில் பலகையிலோ ஒரு தடவையாவது கடி வாங்கியிருப்போம். பிசான நெல் பால் பிடிக்கும் நேரம் வரப்பில் நடந்தால் குப்பென்று ஒரு நாற்றம் அடிக்குமே, அது கதிர் நாவாய்ப்பூச்சி. கட்டிலில் இருப்பதும் கதிரில் இருப்பதும் ஒரே கூட்டம்தான், நாவாய்ப்பூச்சிக் கூட்டம். ஊசி போல ஒரு அலகை வைத்துக்கொண்டு, குத்தி உறிஞ்சிப் பிழைக்கிற கூட்டம். உலகத்தில் பெயர் வைத்து எழுதப்பட்டவையே 40,000 வகைகளுக்கு மேல். வீட்டிலும் வயலிலும் குளத்திலும் இருக்கின்றன, கடலில்கூட உண்டு.

இப்படி எங்கும் பரவிய ஒரு கூட்டத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இடங்களில் வாழும் இரண்டைப் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல வேலை. செலவு கிடையாது, மைக்ராஸ்கோப் வேண்டாம். பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சிக்கும் ஆகும், ரிட்டயர் ஆனவர்களின் காலைப் பொழுதுக்கும் ஆகும். நான் சில வருடமாகப் பாளையங்கோட்டைப் பக்கம் இதைச் செய்துவருகிறேன். எங்கே தடுமாறினேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

படி 1: ஜோடியைத் தேர்ந்தெடுப்பது

இரண்டும் ஒரே கூட்டமாக இருக்க வேண்டும், வீடு மட்டும் வெகுதூரமாக இருக்க வேண்டும். தேடி அலையாமல் கிடைக்க வேண்டும். டப்பாவில் ஒரு வாரமாவது சாகாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் நம் சீமையில் பொருந்துகிற ஜோடி என்று நான் சொல்வது இது:

ஒன்று, பருத்திச் சிவப்பு நாவாய்ப்பூச்சி. டிஸ்டெர்கஸ் சிங்குலேட்டஸ் என்பது அதன் அறிவியல் பெயர். இனி இதைச் செம்பூச்சி என்கிறேன். பூவரசு, இலவம், துத்தி, செம்பருத்தி, வெண்டை, பருத்தி என்று ஒரே சாதிச் செடிகளாகப் பார்த்துக் குடியிருக்கும். கரிசலில் கருங்கண்ணிப் பருத்தி போட்ட குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெடித்த காயில் கூட்டமாக உட்கார்ந்து விதையை உறிஞ்சும், அது கொண்டுவரும் பூஞ்சையால் பஞ்சில் மஞ்சள் கறை விழும், விலை இறங்கிவிடும்.

மற்றொன்று, குளத்தில் இருக்கும் தட்டையான பழுப்பு நிறப் பூச்சி. டிப்ளோனிக்கஸ் ரஸ்டிகஸ். எங்கள் பக்கம் இதற்குத் தனிப்பெயர் இல்லை, ‘தண்ணிப்பூச்சி’ என்றால் அதுவும் அடக்கம். புளியங்கொட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கித் தட்டையாக அழுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். கொசுப்புழு, சின்ன நத்தை, தலைப்பிரட்டை என்று அகப்பட்டதைப் பிடித்துத் தின்னும். இந்தக் கட்டுரையில் இதைக் குளத்துப்பூச்சி என்றே சொல்கிறேன்.

இரண்டுக்கும் பெயர் வைத்தவர் ஒரே ஆள். டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரீசியஸ், லின்னேயஸின் மாணவர். செம்பூச்சிக்கு 1775-இல் வைத்தார், குளத்துப்பூச்சிக்கு 1781-இல். அவர் குருவோ பூச்சிகளை இறகை வைத்துப் பிரித்தவர். ஃபாப்ரீசியஸ் வாயை வைத்துப் பிரித்தார். நாமும் அடுத்தடுத்த படிகளில் வாயில் இருந்துதான் தொடங்கப்போகிறோம்.

முதல் தடவை நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். குளத்தில் அள்ளியதில் பளபளவென்று ஒன்று கிடைத்தது. ஒரு வாரம் டப்பாவில் வைத்து, படம் வரைந்து, நோட்டில் நான்கு பக்கம் எழுதினேன். கடைசி நாள் அதைப் புரட்டிப் பார்த்தால் அலகு இல்லை. இரண்டு தாடை கத்தரிக்கோல் போலத் திறந்து மூடுகிறது. அது நீர்வண்டு. நான்கு பக்கமும் போச்சு. அதனால்தான் படி 4 இருக்கிறது. அதை யாரும் தாண்டாதீர்கள்.

படி 2: எப்போது, எங்கே

குளத்துப்பூச்சிக்கு மார்கழியும் தையும் நல்ல நேரம். ஐப்பசி கார்த்திகை மழையில் குளம் பெருகி, கலுங்கு தாண்டி, பிறகு தண்ணீர் தெளிந்து அடங்கியிருக்கும். நடுக்குளத்துக்குப் போகவே வேண்டாம். கரையோரம் பாசியும் புல்லும் ஆம்பல் தண்டும் நிற்கிற முழங்கால் ஆழத் தண்ணீர் போதும். மடையை ஒட்டிய வாய்க்காலிலும் கிடைக்கும். சாக்கடை கலக்கும் குளத்தைத் தவிருங்கள். அங்கேயும் இந்தப் பூச்சி இருக்கும், ஆனால் உங்கள் கால் பாவம்.

செம்பூச்சிக்குக் காலம் பார்க்க அவ்வளவு அவசியமில்லை. பூவரசு காய் உதிர்ந்து கிடக்கும் இடத்தில் சருகைப் பைய விலக்கினால் சிவப்பாக ஓடும். பங்குனி சித்திரையில் இலவங்காய் வெடிக்கும்போது மரத்தடியில் நூற்றுக்கணக்கில் திரியும். பருத்திக் காட்டில் எடுப்பதானால் மருந்து அடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று காட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து பட்ட பூச்சி மூன்றாம் நாள் மல்லாந்துவிடும், நீங்கள் அதை இயல்பான நடத்தை என்று எழுதிவைப்பீர்கள்.

கூந்தன்குளம் 1994 முதல் பறவைகள் சரணாலயம். களக்காடு–முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். இரண்டு இடத்திலும் பூச்சிதானே என்று வலையைப் போடக்கூடாது. ஊர்க்குளம் போதும்.

படி 3: சாமான்கள், பிடிக்கும் விதம்

பெரிய டீ வடிகட்டி, அதை ஒரு கம்பில் கட்டக் கொஞ்சம் கயிறு. வெள்ளை நிறப் பிளாஸ்டிக் தட்டு. மூடியுள்ள ஐஸ்கிரீம் டப்பா நான்கைந்து. 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ். மில்லிமீட்டர் கோடு தெளிவாகத் தெரியும் ஸ்கேல். பழைய கொசுவலைத் துண்டு. செல்போன். கோடு போட்ட நோட்டு ஒன்று. அவ்வளவுதான்.

குளத்தில் வடிகட்டியைப் பாசிக்கு அடியில் விட்டு, மேல்நோக்கி ஒரே வாட்டில் தூக்க வேண்டும். அள்ளியதை வெள்ளைத் தட்டில் கொட்டி, ஒரு நிமிடம் சும்மா இருங்கள். முதலில் எல்லாம் குப்பை போலத்தான் தெரியும். அப்புறம் குப்பையில் ஒரு துண்டு மட்டும் நகரும். அதுதான் உங்கள் ஆள். கையால் எடுக்காதீர்கள், கரண்டியால் எடுங்கள். பெரிய விஷமில்லை, ஆனால் அலகைச் சொருகினால் குளவி கொட்டிய மாதிரி கடுக்கும்.

பார்க்கிறவர்கள் கேட்பார்கள், தயாராக இருங்கள். ஒருநாள் மடைப்பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வெகுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, மீனா பிடிக்கிய?” என்றார். “இல்ல அண்ணாச்சி, பூச்சி பிடிக்கேன்” என்றேன். “வேற சோலி கெடைக்கலியாக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனவர், திரும்பி வந்து, எந்த இடத்தில் அதிகம் இருக்கும் என்று கம்பை நீட்டிக் காட்டினார். அவர் சொன்ன இடம்தான் சரியாக இருந்தது.

செம்பூச்சியைப் பிடிப்பது வேலையே இல்லை. டப்பாவைச் சாய்த்து வைத்து, ஒரு சருகால் தள்ளிவிட்டால் உள்ளே போய்விடும். நசுக்கினால் நாறும்.

குளத்துப்பூச்சியை டப்பாவுக்கு ஒன்றாக வையுங்கள். சேர்த்து வைத்தால் மறுநாள் காலை எண்ணிக்கை குறையும். செம்பூச்சி கூட்டமாக இருக்க விரும்புகிற ஜீவன், ஐந்தாறு சேர்ந்து இருக்கலாம். ஆனால் தோல் உரித்து மெத்தென்று கிடக்கும் ஒன்றைப் பசித்த மற்றவை குத்தி உறிஞ்சுவது உண்டு, ஆகவே தீனி குறையக்கூடாது. டப்பாவில் அடியில் காய்ந்த மணல், ஊறவைத்த வெண்டை விதை, தண்ணீரில் நனைத்த பஞ்சு. பஞ்சை மறந்துவிடாதீர்கள், முட்டையிலிருந்து வந்த முதல் பருவக் குஞ்சுக்குத் தீனியைவிட ஈரம்தான் முக்கியம்.

மணலுக்குப் பதில் காகிதம் விரிக்கலாமே என்று தோன்றும். அதில் ஒரு கதை உண்டு. 1960-களில் பிராகாவைச் சேர்ந்த கரேல் ஸ்லாமா என்ற விஞ்ஞானி, நம் செம்பூச்சியின் ஐரோப்பியச் சொந்தக்காரப் பூச்சியை அமெரிக்காவில் ஹார்வர்டுக்குக் கொண்டுபோய் வளர்த்தார். அங்கே ஒன்றுகூட வளர்ந்த பூச்சியாக மாறவில்லை. கடைசிப் பருவம் முடிந்த பிறகும் இன்னொரு தடவை குஞ்சாகவே தோலுரித்துப் பெருத்துச் செத்தது. தீனி, வெளிச்சம், தண்ணீர் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்து, கடைசியில் குற்றவாளி டப்பாவில் விரித்த காகிதம் என்று கண்டார்கள். அமெரிக்கக் காகிதம் செய்த ஒரு வகை ஃபிர் மரத்தில், பூச்சியை என்றைக்கும் குழந்தையாகவே வைத்திருக்கும் ஒரு பொருள் இருந்தது. அதே நாட்டு நாளிதழை விரித்தாலும் அதே கதைதான், லண்டன் நாளிதழை விரித்தால் பிரச்சினை இல்லை. ஸ்லாமாவும் ஹார்வர்டு விஞ்ஞானி கரோல் வில்லியம்ஸும் 1965-இல் இதை வெளியிட்டார்கள். நம் ஊர்க் காகிதத்துக்கு அப்படி ஒரு குணம் இருக்கிறதோ இல்லையோ, மணல் சும்மா கிடைக்கிறது.

படி 4: இரண்டும் நாவாய்ப்பூச்சிதானா?

டப்பாவின் மூடி கண்ணாடி போலத் தெளிவாக இருந்தால் பூச்சியை உள்ளே விட்டுத் தலைகீழாகப் பிடித்து அடிப்பக்கம் பாருங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, டப்பாவை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும்; லென்ஸை நகர்த்தக்கூடாது.

செம்பூச்சியின் தலைக்கு அடியிலிருந்து மெல்லிய கோல் ஒன்று வயிற்றோடு ஒட்டிப் பின்னால் நீண்டிருக்கும், நான்கு கணுவாக. முன்னங்கால் தாண்டி, நடுக்கால் தாண்டி, பின்னங்கால் அடிவரை வரும். குளத்துப்பூச்சிக்கு அதே கோல் குட்டையாக, தடிப்பாக, முன்பக்கம் சாய்ந்த ஆணி போல இருக்கும். அளவும் வடிவும் வேறு, சாமான் ஒன்று. நமக்கு வெளியே தெரிவது உறைதான். உள்ளே நான்கு ஊசி. வெளி இரண்டும் துளை போடும். உள் இரண்டும் ஒன்றோடொன்று கோத்து இரண்டு குழாயாகும். இளநீர்க் குழல் மாதிரி என்று பலர் சொல்வார்கள். குழல் ஒன்றல்ல, இரண்டு: ஒன்றில் எச்சில் உள்ளே போகிறது, மற்றதில் கரைந்த சத்து மேலே வருகிறது. செம்பூச்சி வெண்டை விதையில் குத்தும்போது பக்கவாட்டில் இருந்து பாருங்கள். உறை உள்ளே போகாது. முழங்கை போல மடிந்து ஒதுங்க, ஊசி மட்டும் இறங்கும்.

அடுத்தது முதுகு. வண்டின் இரண்டு இறகுமூடிகள் நடுமுதுகில் நேர்கோடாகச் சந்திக்கும். நாவாய்ப்பூச்சியின் முன்னிறகு ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுக்கும், அதனால் முதுகில் பெருக்கல் குறி போலத் தெரியும். இறகின் அடிப்பாதி தோல் மாதிரி கெட்டி, நுனிப்பாதி சவ்வு. தோள்களுக்கு நடுவில் ஒரு முக்கோணத் தகடு. செம்பூச்சியில் இதெல்லாம் படம் போட்ட மாதிரி இருக்கும்: சிவப்புத் தோல்பகுதியில் பக்கத்துக்கு ஒரு கரும்பொட்டு, கறுத்த சவ்வு, தலைக்குப் பின்னால் வெள்ளைக் காலர். குளத்துப்பூச்சியில் சவ்வு ரொம்பச் சிறிசு, எல்லாம் ஒரே பழுப்பு. என்னைப்போல் வண்டென்று ஏமாறுவது இங்கேதான். முக்கோணத்தைத் தேடுங்கள், அது காட்டிக்கொடுத்துவிடும்.

எருக்கஞ்செடியில் இருக்கும் சிவப்பும் கறுப்புமான பூச்சியைச் செம்பூச்சி என்று எடுத்துவருகிறவர்கள் உண்டு. அதுவும் நாவாய்ப்பூச்சிதான், ஆனால் வேறு குடும்பம். பெரிய கண்களுக்கு நடுவே, தலை உச்சியில் குண்டூசி முனை மாதிரி இரண்டு சின்னக் கண்கள் அதற்கு மின்னும். செம்பூச்சிக்கு அவை கிடையாது. லென்ஸ் பிடிக்கப் பழகியவர்களுக்கு அரை நிமிட வேலை.

படி 5: உடம்பை ஒரே வரிசையில் பார்ப்பது

இங்கே ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஒன்றிடம் என்ன கேட்டீர்களோ அதையே மற்றதிடமும் கேளுங்கள். ஒன்றின் நிறத்தையும் மற்றதின் காலையும் எழுதிவிட்டு ஒப்பீடு என்று சொல்ல முடியாது. நோட்டில் நடுக்கோடு போட்டு, இடப்பக்கம் குளம், வலப்பக்கம் பூவரசு. தலையில் தொடங்கி வாலில் முடியுங்கள். நீளம், அகலம், பக்கவாட்டில் கனம் மூன்றையும் ஸ்கேலில் அளந்து எழுதுங்கள். வளர்ந்தவை இரண்டும் நீளத்தில் கிட்டத்தட்ட ஒன்றாக, ஒன்றரை சென்டிமீட்டர் பக்கம் வரும். அகலத்தில்தான் வித்தியாசம் கண்ணில் அடிக்கும்.

உணர்கொம்பு செம்பூச்சிக்கு நீளமாக, நான்கு கணுவாக, நடக்கும்போதெல்லாம் முன்னால் தட்டித் தட்டிப் பார்க்கும். குளத்துப்பூச்சிக்கு உணர்கொம்பே இல்லையே என்று எழுதிவிடுவீர்கள். உண்டு. கண்ணுக்கு அடியில் ஒரு பள்ளத்துக்குள் மடித்து ஒளித்து வைத்திருக்கிறது.

கால்கள்: செம்பூச்சிக்கு ஆறும் நடக்கிற கால். குளத்துப்பூச்சிக்கு முன்னங்கால் இரண்டும் பிடிக்கிற கை, தொடை பருத்து, இடுக்கி மாதிரி மடங்கும். நடு, பின் கால்களில் துடுப்பு போல மயிர் வரிசை. உலர்ந்த தட்டில் பார்த்தால் தெரியாது, ஒட்டிக்கொண்டுவிடும். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விட்டு, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். பின்னால் உதைக்கும்போது மயிர் விரியும், முன்னால் இழுக்கும்போது மடங்கும்.

நிறத்தைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். ஒன்று ‘நான் நாறுவேன், தின்னாதே’ என்று சிவப்பில் எழுதி ஒட்டியிருக்கிறது. மற்றது அழுகின இலை மாதிரி ஒளிந்துகொள்கிறது. செம்பூச்சிக் குஞ்சின் முதுகு நடுவே வரிசையாக மூன்று கரும்புள்ளி இருக்கும், அவைதான் நாற்றம் வரும் வாசல். வளர்ந்ததும் அந்த வாசல் மார்புக்கு அடியில் போய்விடும். ஒரு குஞ்சையும் ஒரு வளர்ந்ததையும் பக்கத்தில் வைத்து இதைச் சரிபாருங்கள்.

படி 6: உயிரோடு கவனிப்பது

செத்த பூச்சியை ஒப்பிடுவது பாதி வேலைதான்.

முதலில் மூச்சு. குளத்துப்பூச்சி தண்ணீரில் இருந்தாலும் காற்றைத்தான் மூச்சுவிடுகிறது. உயரமான கண்ணாடி ஜாடியில் தண்ணீர், அது பிடித்துக்கொள்ள ஒரு குச்சி. கொஞ்ச நேரத்தில் தலைகீழாக மேலே வந்து, வால் நுனியை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டும். லென்ஸில் பார்த்தால் நுனியில் இரண்டு சின்னப் பட்டை தெரியும். அதன் வழியே காற்றை இழுத்து இறகுக்கு அடியில் சேர்த்துக்கொண்டு கீழே இறங்கும். செல்போன் ஸ்டாப்வாட்ச்சை வைத்து, ஒரு தடவை மேலே வந்ததற்கும் அடுத்த தடவைக்கும் இடைவெளி எவ்வளவு என்று பத்து தடவை குறியுங்கள். காலையில் குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறை, மதியம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு முறை. சூடு ஏறினால் பூச்சிக்குக் காற்று அதிகம் தேவை, தண்ணீரிலோ கரைந்த காற்று குறைவு. இடைவெளி குறுகுவதை நீங்களே பார்க்கலாம். ஜாடியை வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். பத்தில் ஒன்றிரண்டு கணக்கு எக்குத்தப்பாக வரும். அதை அழிக்காமல் அப்படியே எழுதுங்கள்.

இதே கேள்வியைச் செம்பூச்சியிடம் கேட்டால் சுவாரசியமில்லாத பதில்தான்: உடம்பின் இரு பக்கமும் உள்ள துளைகள் எப்போதும் காற்றில். அதன் கவலை வேறு, தண்ணீர். நனைந்த பஞ்சை எடுத்துவிட்டு அரைநாள் கழித்து வைத்துப் பாருங்கள், விதையை விட்டுவிட்டு எல்லாம் பஞ்சில் வந்து அலகை ஊன்றும். ஒன்றுக்குக் காற்று கிடைப்பது பாடு, மற்றதற்கு ஈரம்.

அடுத்து சாப்பாடு. குளத்துப்பூச்சிக்கு எண்ணி இருபது கொசுப்புழு விடுங்கள். ஒன்றைப் பிடித்து, குத்தி, உறிஞ்சி, வெறும் தோலைக் கீழே விட எத்தனை நிமிடம். மறுநாள் அதே நேரம் மீதி எத்தனை. ஜாடியின் வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டுங்கள். அதை மறந்து, தெருவுக்கே கொசு வளர்த்துக்கொடுத்த பெருமை எனக்கு உண்டு. செம்பூச்சிக்கு வெண்டை விதை, பூவரசு விதை, பச்சைப்பயறு மூன்றையும் சம தூரத்தில் வைத்து, மணிக்கு ஒரு தடவை எதில் எத்தனை உட்கார்ந்திருக்கின்றன என்று எண்ணுங்கள்.

இனி குடும்ப விஷயம். செம்பூச்சிகளின் ஜோடி வாலோடு வால் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் அப்படியே திரியும். பெரியது பெண், அது முன்னே நடக்க, ஆண் பின்பக்கமாகவே இழுபட்டுப் போகும். எங்கள் தெருப் பிள்ளைகள் இதை ‘டபுள் இன்ஜின்’ என்பார்கள். பிறகு பெண் ஈரமண்ணிலோ சருகுக்கு அடியிலோ குவியலாக முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், திரும்பிப் பார்ப்பதில்லை.

குளத்துப்பூச்சியில் சில பூச்சிகளின் முதுகு மேல் அரிசியை நெருக்கமாக நட்டுவைத்த மாதிரி முட்டை அடுக்கியிருக்கும். பார்த்த உடனே ‘தாய்’ என்று எழுதத் தோன்றும். அந்தக் காலத்து விஞ்ஞானிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். 1899-இல் ஃப்ளாரன்ஸ் வெல்ஸ் ஸ்லேட்டர் என்ற அமெரிக்கப் பெண்மணி, இதன் சொந்தக்காரப் பூச்சி ஒன்றைச் சோதித்து, சுமப்பது ஆண் என்று காட்டினார். பெண் அவன் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறது. முட்டை இருக்கும்வரை அவனால் இறகை விரிக்க முடியாது, பறக்க முடியாது. அடிக்கடி மேலே வந்து முட்டையைக் காற்றில் காட்டுவான். தண்ணீருக்குள் உடம்பை மேலும் கீழும் ஆட்டி முட்டை மேல் தண்ணீர் ஓடச் செய்வான். தண்டால் எடுப்பது போலவே இருக்கும். அப்படி ஒருவன் கிடைத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். முட்டையைச் சுரண்டி எடுக்காதீர்கள், தனியே வந்த முட்டை பெரும்பாலும் பொரிக்காது. முட்டை சுமக்கும் ஆணும் சும்மா இருக்கும் ஆணும் மேலே வரும் இடைவெளியை ஒப்பிடுங்கள். இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

குஞ்சுகள் இரண்டிலும் அப்பன் ஆத்தாள் சாயலிலேயே பிறக்கும், புழுவும் கூடும் கிடையாது. ஐந்து பருவம், ஐந்து தோலுரிப்பு. தண்ணீரானாலும் மரமானாலும் இந்தக் கணக்கு மாறவில்லை. உரித்த தோல்களைப் பத்திரப்படுத்துங்கள். அலகின் தோல்கூட முழுசாக இருக்கும், உயிரோடு பார்ப்பதைவிடத் தெளிவு.

படி 7: மூன்றாவது சாட்சியைக் கூப்பிடுவது

இத்தனையும் எழுதிய பிறகு கை அரிக்கும்: ‘தண்ணீரில் வாழ்வதால் குட்டை அலகு, தண்ணீரில் வாழ்வதால் பிடிக்கிற கை, தண்ணீரில் வாழ்வதால் தகப்பன் சுமக்கிறான்.’ கொஞ்சம் பொறுங்கள். இரண்டே பேரை வைத்து இப்படி முடிவுகட்ட முடியாது. இரண்டு உயிர்கள் எதை எடுத்தாலும் ஏதோ ஒன்றில் வேறுபடத்தான் செய்யும். அந்த வேறுபாடு வீட்டால் வந்ததா, வம்சத்தால் வந்ததா, சாப்பாட்டால் வந்ததா என்று இருவரை மட்டும் பார்த்துச் சொல்ல வழியில்லை. கார்லண்ட், அடால்ஃப் என்ற இரு உயிரியலாளர்கள் 1994-இல் இதை ஒரு கட்டுரையாகவே எழுதிக் கண்டித்தார்கள். பஞ்சாயத்தில் இரு தரப்பு மட்டும் பேசினால் தீர்ப்பு சொல்வார்களா? சாட்சி வேண்டும்.

சாட்சிகள் தொலைவில் இல்லை. செம்பூச்சிக் கூட்டத்தின் நடுவிலேயே, அதே மரத்தில், இன்னும் கொஞ்சம் தடித்த சிவப்புப் பூச்சி ஒன்று திரியும். இறகில் அந்தக் கரும்பொட்டு இருக்காது. ஆண்டிலோக்கஸ் கோக்பெர்ட்டி. செம்பூச்சியின் சொந்தக் குடும்பம், தின்பது செம்பூச்சியையே. ஆக, வேட்டையாடுவதற்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் அதற்கு இடுக்கிக் கை கிடையாது. அலகைச் சொருகியே தூக்கிக்கொண்டு திரியும். வேட்டைக்கு இடுக்கிக் கை கட்டாயமில்லை என்பதற்கும் அதுவே சாட்சி.

தகப்பன் விஷயத்துக்கு அதே குளத்தில் நீர்த்தேளைத் தேடுங்கள். வாலில் நீளக் குழல் வைத்திருக்குமே, அதுதான். கொடுக்கு என்று பயப்படாதீர்கள், அது மூச்சுக்குழல். குளத்துப்பூச்சிக்கு நெருங்கிய உறவு, அதே தண்ணீர், அதே மாதிரி பிடிக்கிற கை. முட்டையைச் செடித்தண்டிலோ சேற்றிலோ வைத்துவிட்டுப் போய்விடும். அப்படியானால் முதுகில் சுமப்பது தண்ணீரின் கட்டாயம் இல்லை, அந்த வம்சத்து வழக்கம்.

உணர்கொம்புக்கு, நீரின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும் நீரோடிப் பூச்சி. தண்ணீரில்தான் பிழைப்பு, ஆனால் மேற்பரப்பில். உணர்கொம்பை நீளமாக வெளியே வைத்திருக்கிறது. தண்ணீருக்கு மேலா, உள்ளேயா என்பது முக்கியம் என்று தெரிகிறது. இதன் சொந்தத்தில் ஹாலோபேட்ஸ் என்ற இனம் கடலுக்கே போய்விட்டது. நடுக்கடலில் வாழும் பூச்சி என்று உலகத்தில் இருப்பவை அந்த இனத்தின் ஐந்து வகைகள் மட்டும்தான், அதில் சில இந்தியப் பெருங்கடலிலும் உண்டு. உவரிக் கடற்கரையில் நின்று தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். இன்னும் ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்க்கவில்லை.

மற்றப் பூச்சிகளை வேட்டையாடிப் பிழைக்கும் கொலைகார நாவாய்ப்பூச்சிகளையும் சாட்சியாகச் சேர்க்கலாம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் இவற்றைப் பற்றி வருடக்கணக்கில் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பக்கத்தில் இருக்கிறவர்கள் விலங்கியல் துறையில் போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

இப்போது நோட்டின் நடுக்கோட்டுக்குக் கீழே மூன்று தலைப்பு போடுங்கள்: வீட்டால் வந்தது, சாப்பாட்டால் வந்தது, வம்சத்தால் வந்தது. துடுப்பு மயிரும் வால் பட்டையும் முதல் தலைப்பில் துணிந்து எழுதலாம். அலகின் நீளம் இரண்டாவதில், பென்சிலால். முட்டை சுமப்பது மூன்றாவதில். எதில் போடுவது என்று தெரியாததற்குக் கீழே இடம் விடுங்கள். என் நோட்டில் அந்த இடம்தான் பெரிசு.

படி 8: திருப்பி விடுவது

ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். தேதி, இடம், நேரம், தண்ணீர் எவ்வளவு ஆழம், எந்த மரம் என்பதை அன்றன்றைக்கே எழுதிவிடுங்கள். ஞாபகம் பொய் சொல்லும். அறிவியல் பெயரின் இரண்டாம் பாதியில் சந்தேகம் இருந்தால் டிஸ்டெர்கஸ் என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த இனத்தில் கோனிகி என்ற இன்னொன்றும் நம் பக்கம் உண்டு, படத்தை வைத்துப் பிரிப்பது கஷ்டம்.

குளத்துப்பூச்சியை எடுத்த குளத்திலேயே, எடுத்த பக்கத்திலேயே சாயங்காலம் விடுங்கள். பகலில் விட்டால் கொக்கு காத்துக்கொண்டு நிற்கும். முட்டை சுமக்கும் ஆணை முதலில், பாசி அடர்ந்த இடமாகப் பார்த்து. செம்பூச்சியைப் பருத்திக் காட்டிலோ வெண்டைப் பாத்தியிலோ விட்டுவிட்டு வந்தால் காட்டுக்காரர் கம்பை எடுப்பார், எடுத்த பூவரசடியிலேயே விட்டுவிடுங்கள். மீந்த கொசுப்புழுத் தண்ணீரை வெறும் தரையில், வெயிலில் கொட்டுங்கள். வடிகட்டியைக் கழுவிக் காயவைத்து, இனி அது டீக்கு ஆகாது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.